வாசலில் நின்ற குரல்

பூம்பாறை சண்முகராஜை முகம் தெரியாதவர்களுக்கும் குரல் தெரியும். கொடைக்கானலுக்கும் கிளாவரைக்கும் இடையே ஓடிய தனியார் பஸ் ஒன்றில் அவர் கண்டக்டர். பனிக்காலக் காலைகளில் பஸ்ஸின் விளக்கு கண்ணில் படுவதற்கு முன்பே, "மன்னவனூரு, கவுஞ்சி, பூண்டி, கிளாவரை... வெரசா ஏறு! ஏலே, பூண்டு மூட்டைய மேல போடு, மடியில வச்சுக் கொஞ்சப் போறியா?" என்ற சத்தம் வந்துவிடும். கொரோனா ஓய்ந்த மறு ஆண்டு, மதுரையில் ஒரு மருத்துவமனையில் அவருடைய குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். அதன்பின் அவர் மூச்சு விடுவது கழுத்தின் அடியில் இட்ட துளை வழியாக. வாயும் நாக்கும் உதடும் பழையபடியே இருந்தன. அவற்றைப் பேசவைக்கும் காற்றுதான் இல்லை.

நான் அவருக்கு அடுத்த தெருக்காரன். இதை எழுதி வைக்க அவரிடமே அனுமதி கேட்டேன். தலையசைத்தார். நேரில் பார்த்ததைப் பார்த்ததாகவும், அவரோ அவர் மனைவி சோலையம்மாளோ சொன்னதைச் சொன்னதாகவும் பிரித்தே எழுதுகிறேன்.

முதல் சில மாதங்கள் அவர் ஒரு பள்ளிக்கூடத்துச் சிலேட்டு வைத்திருந்தார். பிறகு போனில் எழுதிக் காட்டத் தொடங்கினார். நான் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு நாள், குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று எதையோ எழுதி மனைவியிடம் நீட்டினார். சோலையம்மாள் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"பேச்சு இருந்தப்ப வாயால வஞ்சீங்க. இப்ப எழுதி வையிறீங்க. நான் எழுத்துக்கூட்டிப் படிச்சு, ரோசப்படுறதுக்குள்ள சோறு ஆறிப் போகுது."

சண்முகராஜ் சிரித்தார். தோள் குலுங்கியது. துளையை மறைத்த கழுத்துத் துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. அந்தச் சிரிப்பில் சத்தமே இல்லாததைப் பார்த்ததும் சோலையம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

எல்லோரும் இருக்கிற பெரிய சமூக வலைத்தளத்தில், குரல் இழந்தவர்களுக்கான குழு ஒன்றில் அவர் சேர்ந்திருந்தார். அங்கே நோயாளிகளைவிடத் தைலம் விற்கிறவர்கள் அதிகம். ஒருநாள் அவர் போட்டிருந்த படத்தை, கழுத்துத் துளை தெரியும்படி வெட்டியெடுத்து, "ஊதினால் சங்குச் சத்தம் வருமா" என்று எழுதி யாரோ ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். புகார் கொடுத்தார். விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. வெளியேறும்போது அந்தக் குழுவில் கடைசியாக அவர் கண்ணில் பட்டது யாரோ எழுதியிருந்த இரண்டு வரி: "இங்கே கடைக்காரர்கள்தான் மிச்சம். நாங்கள் சிலர் முதலாளி இல்லாத இடத்துக்குப் போகிறோம். பெயர் மறுகுரல்." முகவரி இல்லை.

அதைத் தேடிக் கண்டுபிடிப்பது அவருக்கு ஒரு சோலியாகிவிட்டது. முதலாளி இல்லாத இடம் என்றால் என்னவென்று நான் கேட்டேன். அவர் எழுதிக் காட்டினார்: "நம்ம மலை ரோட்டு மினி பஸ் மாதிரி. வண்டிக்கு வண்டி ஓனர் வேற. ரோடு ஒண்ணு. இந்த வண்டியில ஏறுனவன் அந்த வண்டியில இருக்கவன்கிட்டயும் பேசலாம்." வண்டி என்று அவர் சொன்னது சர்வரை. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் அல்லது சில பேர் தங்கள் கைப்பொறுப்பில் நடத்துகிறார்கள். மறுகுரலும் அப்படி ஒரு சர்வர்.

"ஓனரு நொடிச்சுப் போயிட்டா?" என்றேன்.

"நடுரோட்டுல எறங்க வேண்டியதுதான்" என்று எழுதினார்.

பொதுவான சர்வர் ஒன்றில் கணக்குத் தொடங்கி, தேடுமிடத்தில் 'தொண்டை', 'குரல்' என்றெல்லாம் போட்டுப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அங்கே தேடல் அப்படி வேலை செய்யாது. நம் சர்வரில் இருக்கும் யாராவது ஏற்கெனவே தொடர்பு வைத்திருக்கும் இடங்கள்தான் நம் கண்ணுக்குத் தெரியும். மற்றவை இருந்தும் இல்லாதவைதான். ஆளைக் கேட்டு ஆளைப் பிடிக்க வேண்டும். ஹேஷ்டேக் போட்டு, "மறுகுரல் எங்கே இருக்கிறது? எனக்குக் குரல்வளை எடுத்துவிட்டார்கள்" என்று எழுதினார். முன்பின் தெரியாத யாரோ அதைப் பகிர, அதை இன்னொருவர் பகிர, வேறொரு சர்வரிலிருந்து 'கரைநண்டு' என்ற பெயரில் பதில் வந்தது.

"முகவரி தருகிறேன். கதவைத் தட்டு. நண்டு அனுப்பியது என்று மட்டும் சொல்லிவிடாதே, உள்ளே விடமாட்டார்கள்."

சேர்வதற்கு ஒரு கட்டம் நிரப்ப வேண்டியிருந்தது: 'ஏன் சேர விரும்புகிறீர்கள்?' சண்முகராஜ் அதில் தன் பெயர், தந்தை பெயர், கதவு எண், ஊர், வட்டம் எழுதி, 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்தார். நிராகரிக்கப்பட்டது. சான்று போதவில்லை என்று நினைத்து, ரேஷன் கார்டு எண்ணையும் சேர்த்து மறுபடி அனுப்பினார். இந்த முறை ஒரு மனுஷி பதில் எழுதினார். மறுகுரலை நடத்துகிற தேவசேனா, ஈரோட்டில் நர்ஸ். அவருடைய அப்பாவுக்கும் இதே அறுவை நடந்திருந்தது.

"அண்ணே, கார்டு நம்பரெல்லாம் யாருக்கும் கொடுக்காதீங்க, நான் அழிச்சிட்டேன். மனு வேண்டாம். குரல் போனதுல உங்களுக்கு எது ரொம்ப வலிக்குதுன்னு ஒரு வரி எழுதுங்க, போதும்."

அவர் எழுதிய வரியை எனக்குக் காட்டினார்: "வீட்டுக்காரி முதுகக் காட்டி நின்னா திரும்பச் சொல்லிக் கூப்பிட முடியல. கல்லெடுத்துப் போட வேண்டியிருக்கு."

அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். அவர் தனக்கு 'மூடுபனி' என்று பெயர் வைத்துக்கொண்டார். அங்கே சொந்தப் பெயரும் ஊரும் யாரும் யாரிடமும் கேட்கக்கூடாது. வேலை போய்விடும், பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று நோயை மறைத்து வாழ்கிறவர்கள் அதில் பல பேர்.

மறுகுரலில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளனே எழுந்ததும் ஒவ்வொருவரும் ஒரு சொல்லைத் தன் புதிய குரலில் சொல்லிப் பதிவு செய்து போட வேண்டும். 'இன்றைய சொல்' என்று அதற்குப் பெயர். வேறு சர்வர்களில் இருப்பவர்களும் அதில் கலந்துகொள்வார்கள். கரைநண்டு அப்படித்தான், வெளியிலிருந்தே வந்துபோகிறவர். குரல்வளை இல்லாமல் பேச ஒரு வழி இருக்கிறது. காற்றை வாயால் பிடித்து உணவுக்குழாய்க்குள் தள்ளி, ஏப்பம்போலத் திருப்பிக் கொண்டுவந்து, அது தொண்டையைத் தாண்டுவதற்குள் சொல்லாக்கிவிட வேண்டும். மருத்துவமனையில் ஒருநாள் சொல்லிக்கொடுத்தார்களாம், வரவில்லை. கரைநண்டு சொல்லிக்கொடுத்தார்.

"உதட்டையோ நாக்கையோ அடித்துச் சொல்கிற எழுத்தாகப் பிடி. ப, ட, க. காற்று தானாக உள்ளே போகும். நீ தினமும் அதிகமாகச் சொன்ன சொல் எது?"

"டிக்கெட்."

"அடப்பாவி. இதைவிட நல்ல சொல் தமிழிலேயே கிடையாது. அதையே பிடித்துக்கொள்."

வாரக்கணக்கில் வெறும் ஏப்பம்தான். சோலையம்மாள் என்னிடம், "அண்ணாச்சி, வாத்து வளக்குற வீடு மாதிரி இருக்கு" என்றார். ஒருநாள் நான் போனபோது அவரே வாசலுக்கு ஓடிவந்தார். "உள்ள வாங்க, உள்ள வாங்க. டிக்கெட்டுங்கிறாரு!"

சண்முகராஜ் நெஞ்சை நிமிர்த்தி, வாயை மூடி, காற்றைத் தள்ளி, சொன்னார். தகர டப்பாவை இழுத்தது போன்ற, மிகத் தாழ்ந்த, ஆனால் தெளிவான குரல். சோலையம்மாள், "எனக்கு ஒண்ணு கொடுங்க, கவுஞ்சிக்கு" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் அவரால் மூன்று நான்கு சொற்களைச் சேர்த்துச் சொல்ல முடிந்தது. கரைநண்டும் அவரும் ஒரு நாளும் பேசாமல் இருந்ததில்லை. கரைநண்டின் பதிவுகள் சிலவற்றை அவர் எனக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். சொல்லின் முன் ஒரு சிறு 'க்' சத்தம், பிறகு சொல், கடைசியில் இழுப்பு. சண்முகராஜின் பேச்சும் அச்சாக அப்படியே அமைந்துவிட்டது. சொல்லிக்கொடுத்தவரின் இழுப்பு இவருக்கும் ஒட்டிக்கொண்டது.

தேவசேனாவுக்கு வேலை அதிகமானபோது, புதிதாகச் சேர வருகிறவர்களின் விண்ணப்பங்களைப் பார்க்கும் பொறுப்பைச் சண்முகராஜிடம் கொடுத்தார். சேரும் பக்கத்தில் 'வாசல் பார்ப்பவர்: மூடுபனி' என்று போட்டிருந்தது. அவருக்கு அதில் பெருமை.

அந்தச் சமயத்தில்தான் ஒருவன் நோயாளி போல உள்ளே வந்தான். விண்ணப்பத்திலேயே ஒரு லிங்க் வைத்திருந்தான். 'என் கதை இதில் இருக்கிறது' என்றான். உள்ளே வந்தபின் அதே லிங்க்கை எல்லோருக்கும் அனுப்பினான். துளையைச் சுற்றித் தடவினால் குரல் திரும்பிவிடும் என்று ஒரு எண்ணெய். நம்பித் தடவிய ஒரு பெண்ணுக்குப் புண்ணாகிச் சீழ் பிடித்து, மருத்துவமனையில் கிடந்து பிழைத்தாள். விட்டது தான்தானே என்று சண்முகராஜ் நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு விதி ஒன்று போட்டார். விண்ணப்பத்தில் லிங்க் இருந்தால் திறக்காமலே தள்ளிவிட வேண்டும்.

தேவசேனா போனில் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன். "அண்ணே, தொறந்து பாத்துட்டுத் தள்ளுங்களேன். நம்மாளுங்க எழுதத் தயங்குறவங்க. குரலைப் பதிஞ்சு லிங்க்கா வச்சிருக்கலாம்ல?"

"டிக்கெட்... இல்லேன்னா... எறக்குறதுதான்" என்றார் சண்முகராஜ். "கதை... கேக்குறதில்ல."

மறு மழைக்காலத்தில் கரைநண்டின் பதிவு நின்றுவிட்டது. முதலில் உடம்பு சரியில்லையோ என்று நினைத்தார். பிறகு பார்த்தால் அவருடைய சர்வரே திறக்கவில்லை. அதை நடத்தியவர் முன்னறிவிப்பில்லாமல் நிறுத்திவிட்டார். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அதிலிருந்தவர்கள் வேறு சர்வருக்கு மாறி, நண்பர்களையும் கூடவே கொண்டுபோயிருக்கலாம். ஒரே நாளில் மூடியதால் பெயர், பதிவுகள், யார் யாரோடு பேசினார்கள் என்ற தொடர்பு எல்லாம் போயின. நண்டு இறங்கிய இடம் யாருக்கும் தெரியவில்லை. அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. ஊர் தெரியாது. கடலோரம் என்பதுகூட அந்தப் பெயரை வைத்து இவர் நினைத்துக்கொண்டதுதான்.

சண்முகராஜ் தேடினார். ஹேஷ்டேக் போட்டுத் தினமும் எழுதினார். மூடிய சர்வரிலிருந்து தப்பி வேறு இடங்களில் குடியேறியவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டார். சிலர் வருத்தம் தெரிவித்தார்கள். ஒருவர், "நண்டுதானே, வேறு பொந்து பார்த்திருக்கும்" என்று எழுதினார். மாதங்கள் போயின. இருக்கிறாரா, இல்லையா என்று தெரிந்தால் போதும் என்றார் என்னிடம். "இருந்தா... திட்டுவேன். இல்லேன்னா... துட்டி கேக்கப் போவேன். ரெண்டும் இல்லாம... எப்பிடி?"

துட்டி கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். இறந்தவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து துக்கம் விசாரிப்பது. பழகிய வீட்டுக்குத் துட்டி கேட்கப் போகாவிட்டால் அத்தோடு உறவு முறிந்தது என்று பொருள்.

தை மாதம், பூண்டு அறுப்பு முடிந்த நேரம், தேவசேனா அழைத்தார். நான் அப்போது அங்கில்லை. சோலையம்மாள் சொன்னதை எழுதுகிறேன். மறுகுரலின் பொது முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. எழுதியது ஷர்மிளா என்ற பெண். "அப்பா பெயர் கதிர்வேல், ஊர் கட்டுமாவடி, விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். உங்கள் எல்லோருக்கும் கரைநண்டு. கார்த்திகையில் இறந்துவிட்டார். நோய் திரும்பிவிட்டது. அப்பாவை அங்கே யாராவது நினைத்துக்கொண்டிருந்தால் தெரியட்டும் என்று எழுதுகிறேன். சர்வர் போனபின் அப்பா உங்களிடம் சேர விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை, அதில் எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை. அப்பாவுக்கு வந்த பதிலையும் அவர் அனுப்பியதையும் கீழே வைத்திருக்கிறேன்."

பதில் ஒரே வரி: "லிங்க் உள்ள விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா. மூடுபனி." கதிர்வேல் அனுப்பியிருந்தது ஒரே ஒரு லிங்க். வேறு ஒரு எழுத்தும் இல்லை.

தேவசேனா அதைத் திறந்து கேட்டுவிட்டுத்தான் அழைத்திருந்தார். சண்முகராஜும் கேட்டார். சோலையம்மாள் பக்கத்தில் இருந்தார். அவர் எனக்கு அப்படியே சொன்னார்:

"'ஏலேய் மூடுபனி, நாந்தான். நண்டு. பேரு யாரு வேணா வச்சுக்கலாம், இந்தக் கொரலு எனக்கும் ஒனக்குந்தான் இருக்கு. கதவத் தொற.' அம்புட்டுத்தான் அண்ணாச்சி. கடைசியில சிரிப்பு."

சண்முகராஜ் அன்றைக்கு வாசல் பார்க்கும் பொறுப்பை விட்டுவிடுவதாக எழுதினார். தேவசேனா சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. "மொதல்ல அந்த வீட்டுக்குப் போயிட்டு வாங்கண்ணே" என்றாராம்.

துட்டி கேட்கும் காலம் தாண்டிவிட்டது என்று அவர் தயங்கினார். சோலையம்மாள் விடவில்லை. "வருசம் திரும்பல. இப்பப் போகலேன்னா எப்பவும் போக மாட்டீங்க." துணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நாங்கள் இருவரும் மதுரையில் தங்கி, அறந்தாங்கி வழியாகக் கட்டுமாவடி போய்ச் சேர்ந்தோம். பஸ்ஸில் அவர் வாயை அசைத்துக்கொண்டே வந்தார். என்ன சொல்வது என்று பழகிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. சமவெளி வெக்கையில் கழுத்துத் துணியை அடிக்கடி நனைத்துக்கொண்டார்.

வீடு கடற்கரைச் சாலையை ஒட்டி, ஓட்டு வீடு. முற்றத்தில் யாரும் இல்லை. சண்முகராஜ் கதவருகே நின்று, காற்றை இழுத்துத் தள்ளி, "வீட்ல... யாருங்க?" என்றார்.

உள்ளே பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. ஒரு அம்மாள் ஓடிவந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு சண்முகராஜின் கழுத்துத் துணியைப் பார்த்தார்.

"பேசாதீங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இல்ல, பேசுங்க. இன்னொருக்கா பேசுங்க" என்றார்.

அவர் கதிர்வேலின் மனைவி. ஷர்மிளா பின்னாலேயே வந்து எங்களை உட்காரவைத்தாள். நான்தான் ஊரையும் பெயரையும் சொன்னேன். மூடுபனி என்றதும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "நீங்கதானா? அப்பா ஒங்களப் பத்தித்தான் ஓயாமப் பேசுவாங்க. டிக்கெட்டு, டிக்கெட்டுன்னு எங்களக்கூடக் கேலி பண்ணுவாங்க."

அந்தப் பதிலில் அவர் பெயர் இருந்ததை அவள் கவனித்திருக்கவில்லை போலும். அல்லது கவனித்தும் வேறு ஏதோ நினைத்திருக்கலாம். அவர் அப்படியே விட்டிருந்தால் அன்றைய பொழுது நல்லபடி முடிந்திருக்கும். சண்முகராஜ் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அந்த... பதிலு. வேணாம்னது. நாந்தான்... அனுப்புனேன்."

அம்மாளுக்குப் புரியவில்லை. மகளைப் பார்த்தார்.

"தொறக்கல" என்றார் சண்முகராஜ். "கேக்கல. கேக்காம... தள்ளிட்டேன்."

ஷர்மிளா அம்மாவின் காதருகே குனிந்து மெல்லச் சொன்னாள்.

"அது மிசினு அனுப்புனதுன்னுல்ல நெனச்சிருந்தோம்" என்றார் அம்மாள். "இவ வேற வழியா எழுதிப் பாக்குறேன்னா. அவுகதான் வேணாம்னுட்டாக. 'எல்லாத்தையும் இப்ப மிசினுதான் பாக்குது, அவன் பேரப் போட்டு அது அனுப்புது. அவன் காதுல மட்டும் விழுந்திருந்தா தொறந்திருப்பான்'னாக. படுக்கையிலயும் அதத்தான் சொன்னாக. அவன் காதுல விழலன்னு."

சண்முகராஜ் வாயைத் திறந்தார். காற்றை உள்ளே தள்ளினார். அது சொல்லாக வரவில்லை, காற்றாகவே வெளியே வந்தது. மறுபடி முயன்றார். ஷர்மிளா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. அம்மாள் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த படத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். படத்தில் கதிர்வேல் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சிரித்தார். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று. துக்கம் கேட்ட வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. எழுந்து, திரும்பிப் பார்க்காமல், வந்துவிட வேண்டும். எங்கள் பக்கத்திலும் அப்படித்தான், அந்தப் பக்கத்திலும் அப்படித்தான். நான் முதலில் எழுந்தேன். சண்முகராஜ் இன்னும் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு துணியைச் சரி செய்துகொண்டு எழுந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் படியிறங்கினார்.